கடல்கன்னியும் காண்ட்ராக்ட் ஆக்ட்டும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரசம் சாதத்துக்கும் குட்டித் தூக்கத்துக்கும் நடுவே ஒரு குடும்பஸ்தன் நிம்மதியாக இருக்கக்கூடிய நேரம் சுமார் பதினைந்து நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷத்தில்தான் என் பெண் வந்து என் பனியனைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, படம் போடு!"

பெண்ணுக்கு வயசு ஆறு. துணைக்கு என் தங்கையின் பெண், வயசு எட்டு. பள்ளிக்கூட லீவுக்குத் திருச்சியிலிருந்து தங்கை தன் குழந்தையோடு வந்திருந்தாள். இரண்டு வாண்டுகளும் சேர்ந்துவிட்டால் பெரியவர்கள் வாயைத் திறக்க முடியாது.

"என்ன படம்?"

"கடல்கன்னி!"

'தி லிட்டில் மெர்மெய்ட்'. 1989ல் டிஸ்னி கம்பெனி எடுத்த கார்ட்டூன் படம். வேறு எங்கே எத்தனை நாள் ஓடியதோ, என் வீட்டு ஹாலில் வெள்ளி விழா கொண்டாடிவிட்டது. சமையலறையில் இருந்தபடியே, அடுத்து என்ன வசனம் வரும் என்று என் மனைவி சொல்லுவாள்.

எங்கள் வீட்டில் நடப்பது இளவரசிகளின் ஆட்சிதான். ஸ்கூல் பையில் ஒருத்தி, தண்ணீர் பாட்டிலில் ஒருத்தி, பல் தேய்க்கும் பிரஷ்ஷில் ஒருத்தி. அடியேன் பி.காம். எனவே அவர்களுடைய அழகைவிட பில் தொகைதான் முதலில் கண்ணில் படும்.

இந்த வியாபாரம் பிறந்த கதை சுவாரஸ்யமானது. 2000ல் டிஸ்னியில் சேர்ந்த ஆண்டி மூனி என்ற அதிகாரி, கம்பெனி நடத்தும் பனிச்சறுக்கு நடன நிகழ்ச்சிக்குப் போனார். வரிசையில் நின்ற சிறுமிகள் பலர் வீட்டிலேயே தைத்த இளவரசி டிரஸ்ஸில் வந்திருந்தார்கள். மனுஷருக்குப் பொறி தட்டிவிட்டது. வெவ்வேறு படத்து நாயகிகளை ஒரே பெயரின் கீழ் மூட்டை கட்டி விற்க ஆரம்பித்தார். 2001ல் 30 கோடி டாலராக இருந்த விற்பனை, 2006ல் 300 கோடி டாலர் ஆனது என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் பெக்கி ஓரன்ஸ்டீன் எழுதியிருக்கிறார். அவரே கவனித்துச் சொன்ன இன்னொரு வேடிக்கை: பொம்மைப் பெட்டிகளில் இந்த இளவரசிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள், ஆனால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கமாட்டாள். என் பெண்ணின் பையை எடுத்துப் பார்த்தேன். நிஜம்தான். மூன்று பேரும் மூன்று திசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் முன்பு குப்பை கொட்டிய ஆபீஸில் இன்க்ரிமென்ட் அறிவித்த மறுநாள் இப்படித்தான் இருக்கும்.

சரி, இவ்வளவு விலை கொடுத்து வீட்டுக்குள் அழைத்து வந்த பெண்கள் படத்தில் என்னதான் செய்கிறார்கள்? கணக்குப் பிள்ளை புத்தி. ஒவ்வொருத்தியாகப் பேரேட்டில் ஏற்றிப் பார்த்தேன்.

ஸ்நோ ஒயிட், 1937. காட்டில் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கிறாள். உள்ளே போனதும் முதல் வேலை, பெருக்கித் துடைத்துப் பாத்திரம் கழுவுவது. ஏழு குள்ளர்களுக்குச் சமைத்துப் போடுகிறாள். அப்புறம் ஆப்பிள், கண்ணாடிப் பெட்டி, முத்தம், சுபம்.

சிண்ட்ரெல்லா, 1950. இவள் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. சித்தி சூழ்ச்சி செய்து கண்ணாடிச் செருப்பை உடைத்துவிட, இவள் அலட்டிக்கொள்ளாமல் இன்னொரு கால் செருப்பை எடுத்து நீட்டுகிறாள் பாருங்கள்... வவுச்சரை பத்திரமாக வைத்திருந்து ஆடிட்டர் முகத்தில் காட்டுகிற மாதிரி!

ஸ்லீப்பிங் பியூட்டி, 1959. பதினாறாவது பிறந்த நாளில் ராட்டினத்தின் ஊசிமுனை குத்தித் தூங்கிப் போகிறாள். இளவரசன் முத்தமிட்டு எழுப்புகிறான். எழுந்த பிறகு படம் முடியும்வரை ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, பேசுவதில்லை. நியாயமாகச் சொன்னால் இளவரசனும் பின்பாதியில் வாயைத் திறப்பதில்லை. ஆனால் அவன் கையில் வாள் இருக்கிறது, குத்துவதற்கு ஒரு டிராகன் இருக்கிறது. அவளுக்கு ஒரு கட்டில்தான்.

'அதெல்லாம் தாத்தா காலத்துப் படம், அப்புறம் மாறியிருக்கும்' என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். கார்மன் ஃபாட், காரன் ஐசன்ஹவர் என்று இரண்டு அமெரிக்க மொழியியல் பெண்மணிகள் இந்தப் படங்களில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று உட்கார்ந்து எண்ணி, 2016ல் கணக்குக் கொடுத்தார்கள். அந்த 1959 படத்தில் வசனத்தில் 71 சதவிகிதம் பெண்களுடையது. தேவதைகளும் சூனியக்காரியும் பேசித் தள்ளுகிறார்கள். அதற்கப்புறம் முப்பது வருஷம் கழித்து வந்த கடல்கன்னி படத்தில் 68 சதவிகிதம் ஆண்கள் பேச்சு! 1991ல் வந்த 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்'டில் 71. 1992ல் வந்த 'அலாதீன்'னில் 90. காலம் முன்னால் போக, பெண்களின் பேச்சு பின்னால் போயிருக்கிறது.

கதாநாயகி பெயரில் படம், பேசுவது நண்டும் மீனும் அப்பாவும்!

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைகள் பாயில். தங்கை சுவரில் சாய்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நாற்காலியில் பாதித் தூக்கத்தில்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாத பிரம்மச்சாரிகளுக்காக இரண்டு வரி: கடல் ராஜாவின் கடைசிப் பெண் ஏரியல். வயசு பதினாறு. கப்பல் உடைந்து மூழ்கிய இளவரசனைக் காப்பாற்றிக் கரை சேர்க்கிறாள், பாடுகிறாள், காதலிக்கிறாள். கரைக்குப் போகக் கால் வேண்டுமே? சூனியக்காரி அர்சுலாவிடம் போகிறாள். அர்சுலா கால் தருகிறாள். விலை, ஏரியலின் குரல். மூன்று நாளைக்குள் இளவரசன் காதலோடு முத்தமிட வேண்டும். இல்லாவிட்டால் அவள் அர்சுலாவின் அடிமை. தங்க நிறத்தில் பத்திரம் வருகிறது, எலும்பில் பேனா வருகிறது, பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறாள்.

இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குள் தூங்கும் பி.காம். எழுந்துவிடுவான்.

"செல்லாது, செல்லாது!" என்றேன், கண்ணை மூடியபடியே.

"எது மாமா?" என்றது எட்டு வயசு.

"அந்தப் பத்திரம். ஏரியலுக்கு வயசு பதினாறு. மைனர். நம்ம ஊர் 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், பதினோராவது பிரிவு. மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. மோஹரி பீபி கேஸ், 1903, பிரிவி கவுன்சில் தீர்ப்பு! அவ அப்பா ஒரு நல்ல வக்கீலா வெச்சிருந்தா படம் அரை மணியில முடிஞ்சிருக்கும்."

பி.காம். படித்த எவனும் மறக்க முடியாத ஒரே கேஸ் அது. குழந்தைகள் இரண்டும் 'உஸ்' என்றன. தங்கை சிரித்தாள்.

திரையில் ஏரியல், குரலைக் கொடுத்துவிட்டால் இளவரசனை எப்படிக் கவர்வது என்று கேட்டிருந்தாள். அதற்கு அர்சுலா சொல்கிற சமாதானம்தான் பிரசித்தமானது. 'உனக்குத்தான் அழகான முகம் இருக்கிறதே, ஆம்பிளைகளுக்கு வளவளவென்று பேசுகிற பெண்ணைப் பிடிக்காது' என்கிற பாணியில் ஒரு முழு உபதேசம், பாட்டாகவே.

தங்கை கீரையிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்.

"அண்ணா, இந்தப் பொம்பளை பேசறது எங்கேயோ கேட்ட மாதிரி இல்லே?"

"எங்கே?"

"கும்பகோணம் வீட்டு ஹால்ல. 2014, வைகாசி மாசம்."

நான் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

*

2014 வைகாசியில் என் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். அவளுக்கு 23 வயசு. பி.காம். முடித்து, சி.ஏ. இன்டர் பாஸ் செய்து, ஆர்ட்டிகிள்ஷிப்பும் முடித்து, ஃபைனலுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் இன்டர் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன். வீட்டில் கணக்கு வருவது அவளுக்குத்தான்.

அதற்கு முன்னால் வந்த ஒரு வரன், 'பொண்ணு ரொம்பப் பேசுது' என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் அப்படி ஒன்றும் பேசவில்லை. மாப்பிள்ளைப் பையன் வேலை பார்க்கும் கம்பெனியில் என்ன சாஃப்ட்வேரில் கணக்கு எழுதுகிறார்கள் என்று கேட்டாள், அவ்வளவுதான். அப்பாவுக்கு ரிட்டயராக எட்டு மாசம். அவருடைய பிளட் பிரஷர் என் சம்பளத்தைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்த காலம்.

எனவே காலையிலேயே தங்கையைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, பொறுப்புள்ள அண்ணனாக உபதேசம் செய்தேன்.

"இதோ பாரு. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. ஃபைனல், பிராக்டிஸ், சொந்த ஆபீஸ்னு உன் திட்டத்தையெல்லாம் இன்னிக்கே எடுத்து விடாதே. அடக்கமா இரு. உனக்கென்ன குறைச்சல், முகம் லட்சணமா இருக்கு. அது போதும்."

அன்பாகத்தான் சொன்னேன். அர்சுலாவும் அன்பாகத்தான் சொல்கிறாள்.

வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காப்பி. மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி. அவரே ஆசையாகக் கேட்டார். "மேலே படிக்கிறியாமே, என்னம்மா படிக்கிறே?"

தங்கை வாயைத் திறந்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அது ஒண்ணுமில்லைங்க, சும்மா டைம்பாஸுக்குப் படிக்கிறா. கல்யாணம் ஆனா விட்டுடுவா."

தங்கை என்னை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் ஜமக்காளத்தைப் பார்த்தாள். கடைசிவரை ஜமக்காளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் 'எவ்வளவு அடக்கம்' என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆவணியில் கல்யாணம்.

மாப்பிள்ளை தங்கமான மனுஷன். மாமியார் இன்றுவரை ஒரு கடிந்த சொல் சொன்னதில்லை. கதையில் சூனியக்காரி யாராவது உண்டென்றால் அவர்கள் வீட்டில் தேடாதீர்கள். குழந்தை பிறந்து கொஞ்ச நாள் கழித்து, ஃபைனல் எழுதட்டுமா என்று தங்கை மெதுவாகக் கேட்டிருக்கிறாள். மாமியார் நிஜமாகவே ஆச்சரியப்பட்டுச் சொன்னாராம்:

"டைம்பாஸுக்குன்னுதானேம்மா உங்க அண்ணன் சொன்னார்? இப்பதான் கையில குழந்தை இருக்கே... டைம் தானாவே பாஸாகுமே!"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நான் கொடுத்த தகவலை நம்பினார். அவ்வளவுதான். புத்தகங்கள் பரணுக்குப் போய்விட்டன.

இதெல்லாம் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். இத்தனை வருஷம் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே, பக்கத்து வீட்டுக் கதை மாதிரி சொன்னாள்.

"அவர்கூட ஒரு நாள் சொன்னார் அண்ணா. 'உங்க அண்ணன் அன்னைக்கு ஒரு நிமிஷம் மூச்சு விட்டிருந்தா, நானே உன்கிட்ட கேட்டிருப்பேன். நீ என்ன பேசறேன்னு கேக்கத்தான் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தேன்'னு."

படத்திலும் இதே கூத்துதான், கவனித்திருக்கிறீர்களா? இளவரசன் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருப்பது அந்தக் குரலை. காப்பாற்றியவளின் பாட்டு அவன் காதிலேயே இருக்கிறது. குரலை விற்றுவிட்டு அவன் எதிரே வந்து நிற்கும் பெண்ணை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் கேட்காத விலையை அவள் கொடுத்திருக்கிறாள்... யாரோ ஒருத்தி பேச்சைக் கேட்டு.

தங்கை மைனர் இல்லை. எனவே பதினோராவது பிரிவு உதவாது. ஆனால் அதே சட்டத்தில் பதினாறாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மற்றவர் மனசை ஆட்டிவைக்கும் இடத்தில் இருப்பவர், அந்த இடத்தைப் பயன்படுத்தி நியாயமில்லாத ஆதாயம் அடைந்தால், அது சுதந்திரமான சம்மதம் ஆகாது. பரீட்சைக்கு இதை மூன்று தரம் உருப்போட்டிருக்கிறேன். உதாரணமாக டாக்டர் - நோயாளி, குரு - சிஷ்யன் என்று எழுதுவோம். அண்ணன் - தங்கை என்று எழுத எனக்குத் தோன்றியதில்லை. என் ஆதாயம் என்ன என்று கேட்கிறீர்களா? அன்று ராத்திரி நிம்மதியான தூக்கம்.

*

இந்தக் கடல்கன்னி படத்தை 2023ல் நிஜ நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தார்கள். அப்போது சூனியக்காரி பாட்டில் அந்த உபதேச வரிகளை எடுத்துவிட்டார்கள். சிறுமிகள் அதைக் கேட்டு, வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்துவிடலாம் என்பதால்தான் என்று இசையமைப்பாளர் ஆலன் மென்கனே விளக்கம் கொடுத்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அந்த வார்த்தைகள் சூனியக்காரி வாயில் இருக்கும்வரை ஆபத்து கம்மி. எட்டு கையும் ஊதா முகமுமாக ஒருத்தி வந்து சொன்னால், ஆறு வயசுக் குழந்தைக்குக்கூட 'இவ கெட்டவ' என்று தெரியும். அதே வார்த்தையை வேட்டி கட்டிய அண்ணன் கொல்லைப்புறத்தில் நின்று பாசமாகச் சொன்னால்தான் கண்டுபிடிக்க முடியாது. பாட்டில் அந்த வரிகள் இருந்ததால்தானே என் தங்கைக்கு அடையாளம் தெரிந்தது!

படங்களும் சும்மா இல்லை, மாறிக்கொண்டுதான் வருகின்றன. 2012ல் வந்த 'பிரேவ்' படத்தில் இளவரசி தன் சுயம்வரத்தில் தானே வில்லெடுத்துப் போட்டியிடுகிறாள். அதில் 74 சதவிகிதம் பெண்கள் பேச்சு. 2013ல் வந்த 'ஃப்ரோஸன்' படத்தில், பார்த்த அன்றே கல்யாணம் நிச்சயம் செய்துகொண்டு வரும் தங்கையை, இன்றைக்குப் பார்த்தவனையா கட்டிக்கொள்வாய் என்று அக்கா கேட்கிறாள். கேட்டது நியாயம், அந்த இளவரசன்தான் வில்லன்! கடைசியில் உயிரைக் காப்பது முத்தமில்லை, அக்காவுக்கு முன்னால் பாய்ந்து நிற்கும் தங்கையின் அன்பு. 2019ல் வந்த அதன் இரண்டாம் பாகத்தில் தமிழில் அக்காவுக்கு ஸ்ருதி ஹாசனும் தங்கைக்கு டி.டி.யும் குரல் கொடுத்தார்கள். ஆனால் முதல் 'ஃப்ரோஸன்' படத்திலேகூட, அக்காவும் தங்கையும்தான் கதை என்றாலும், பெண்கள் பேசுவது 41 சதவிகிதம்தான் என்கிறது அந்த மொழியியல் கணக்கு.

அதற்காகப் பயந்துபோய்ப் பையையும் பாட்டிலையும் தூக்கி எறிய வேண்டாம். பணம் கொடுத்து வாங்கியது! சாரா காய்ன் என்ற அமெரிக்கப் பேராசிரியையின் குழு 2016ல், இளவரசி மோகம் அதிகமுள்ள சின்னக் குழந்தைகள் 'பொண்ணுன்னா இப்படித்தான்' என்கிற வழக்கமான வார்ப்பில் கூடுதலாக விழுகிறார்கள் என்றது. அதே குழு குழந்தைகள் வளர்ந்த பிறகு மறுபடி பார்த்து, 2021ல் வேறு மாதிரி எழுதியது: சின்ன வயசில் அந்த மோகத்தில் இருந்தவர்கள் பின்னாளில் ஆண் - பெண் விஷயத்தில் இன்னும் சமத்துவமாகவே யோசிக்கிறார்கள் என்று. ஆக, பொம்மை மட்டுமே குழந்தையைத் தீர்மானிப்பதில்லை. ஹாலில் கூட உட்கார்ந்திருப்பவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கும் பிரம்மச்சாரி நண்பரே, உங்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். நாளைக்கு நீங்களும் பெண் பார்க்கப் போவீர்கள். ஏதோ கேட்பீர்கள். அண்ணனோ மாமாவோ என்னைப் போல ஒரு புத்திசாலி முந்திக்கொண்டு பதில் சொல்லுவார். கேசரியில் முந்திரியைத் தேடிக்கொண்டு விட்டுவிடாதீர்கள். "நான் அவங்களைக் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அரை நிமிஷம் சங்கடமாக இருக்கும். பரவாயில்லை. பஜ்ஜி ஆறாது.

ஒருவேளை நீங்கள் அந்த அண்ணன் என்றால், உங்கள் வாயில் ஒரு பஜ்ஜியை வைத்துக்கொள்ளுங்கள்.

*

சட்டப்படி, பதினாறாவது பிரிவில் சிக்கிய ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு. என் தங்கை அதைப் பயன்படுத்திக்கொண்டாள். ஃபைனலுக்கான ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பித்தாகிவிட்டது. சிலபஸ் தலைகீழாக மாறியிருக்கிறது. பரணில் இருந்த புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கியிருக்கிறாள். பாஸாவாளா, தெரியாது. அது அப்படி ஒரு பரீட்சை. மாமியார்தான் முதலில் பணம் எடுத்துக் கொடுத்தாராம். நான் போன் செய்து, அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். "அதை நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

போன வாரம் தங்கை மறுபடி வந்திருந்தாள், புத்தகத்தோடு. உள் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் படிக்க, ஹாலில் இரண்டு வாண்டுகளும் என் பொறுப்பு. கடல்கன்னி விளையாட்டு ஆரம்பித்தது. எட்டு வயசு, அர்சுலா. என் பெண், இளவரசன். ஏரியல் வேஷத்துக்கு யாரும் முன்வரவில்லை. இரண்டும் என்னைப் பார்த்தன.

"அப்பா, நீதான் ஏரியல். உன் குரலைக் குடுத்துட்டே. இனிமே பேசக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"மூணு நாள்!"

சமையலறையிலிருந்து என் மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"மூணு நாளா? நல்ல கதையா இருக்கே! ஏங்க, பத்திரம் எங்கே, நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."